நாளைக்குப் போய்ச் சேரும் கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

கைபேசியில் ஒரு விண்ணப்பத்தை வரி வரியாக நிரப்புகிறீர்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி, புகைப்படம். கடைசியாக 'அனுப்பு' என்ற இடத்தைத் தொடுகிறீர்கள். ஒரு சிறிய வட்டம் சுழல்கிறது. சுழன்றுகொண்டே இருக்கிறது. பிறகு 'இணைப்பு இல்லை' என்று ஒரே ஒரு வரி வருகிறது. அரை மணி நேரம் நிரப்பியதில் ஒன்றும் மிச்சமில்லை. மறுபடியும் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

நல்ல இணைப்பு உள்ள ஊரில் இது எப்போதாவது வரும் எரிச்சல். சிக்னல் எட்டாத மலைச்சரிவிலும் தீவிலும் வாழ்பவருக்கு இதுதான் அன்றாடம். அந்தச் சுழலும் வட்டம் இல்லாமலேயே அவர்கள் வேலை நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இத்தனை ஆண்டுகளாகப் பாடுபடுகிறேன்.

இணையம் ஏன் இப்படிக் கைவிடுகிறது? அது பேசும் முறை தொலைபேசி உரையாடலைப் போன்றது. 'இருக்கிறீர்களா?' என்று இந்தப் பக்கம் கேட்கும். 'இருக்கிறேன், நீங்கள்?' என்று அந்தப் பக்கம் சொல்லும். 'நானும் இருக்கிறேன், தொடங்கலாம்' என்று இந்தப் பக்கம் மீண்டும் சொன்ன பிறகுதான் விஷயமே தொடங்கும். விஷயம் போகும்போதும் 'வந்தது, வந்தது' என்று மறுபக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது, இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். நடுவே உள்ள வழி முழுவதும் அதே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் அறுந்தால் எல்லாமே போயிற்று.

கடிதம் அப்படிப் பேசுவதில்லை. நீங்கள் எழுதி ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். கடிதம் ஓர் இடத்தில் காத்திருக்கும், ஒரு வண்டியில் ஏறும், இன்னோர் இடத்தில் இறங்கிக் காத்திருக்கும். எந்த நொடியிலும் முழு வழியும் திறந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கை ஒன்று எப்போதாவது வந்தால் போதும். வாங்கி வைத்துக்கொள், சுமந்து செல், சந்திப்பவரிடம் கொடு. தாமதம் தாங்கும் வலைப்பின்னல் என்று, வலைப்பின்னல் அமைக்கும் நாங்கள் சொல்வது இதைத்தான்.

இந்த எண்ணம் விண்வெளியிலிருந்து தரைக்கு வந்தது. செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேர, அந்தந்த நேரத்துத் தூரத்தைப் பொறுத்து, 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். 'இருக்கிறீர்களா?' என்று கேட்டு முடிப்பதற்குள் அந்தக் கோள் சுழன்று, அங்குள்ள கருவி மறுபக்கம் போயிருக்கலாம். 1998இல் இணையத்தின் தந்தையரில் ஒருவரான விண்டன் செர்ஃபும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துப் பொறியாளர்களும் கோள்களுக்கு இடையே எப்படிச் செய்தி அனுப்புவது என்று யோசிக்கத் தொடங்கினார்கள். 2003இல் கெவின் ஃபால் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரை இன்னொன்றைச் சுட்டிக்காட்டியது: செவ்வாய்க்கு உள்ள அதே சிக்கல் பூமியிலேயே பல இடங்களில் இருக்கிறது. வழி எப்போதாவது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். கோளுக்குச் செய்த மருந்து குக்கிராமத்துக்கும் பொருந்தும். அதைப் படித்த நாளை நான் மறக்கவில்லை.

அதே ஆண்டுகளில் சிலர் செய்தும் காட்டினார்கள். கர்நாடகத்தின் தொட்டபல்லாபூரில், நிலப் பதிவேடுகளைக் கேட்கும் விண்ணப்பங்களைப் பஸ்ஸே சுமந்து சென்றது. பஸ்ஸில் ஒரு வைஃபை பெட்டி. கிராமத்துக் கணினி மையத்தில் இன்னொன்று. பஸ் அருகே வரும்போது இரண்டும் தாமாகவே பேசிக்கொள்ளும். ஒரு சந்திப்பு சராசரியாக இரண்டரை நிமிடம். அதற்குள் ஏறத்தாழ 20 மெகாபைட் கைமாறியது. அதற்கு 'டாக்நெட்' என்று பெயர். இந்தியில் 'டாக்' என்றால் தபால். கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் அதே வேலையை மோட்டார் சைக்கிள்கள் செய்தன. சூரிய மின்சாரத்தில் ஓடிய பள்ளிக் கணினிகளிலிருந்து கடிதங்களைச் சேகரித்து, செயற்கைக்கோள் இணைப்பு உள்ள ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

பஸ் மெதுவானது என்று நினைக்காதீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். 64 ஜிகாபைட் கொள்ளும் நினைவட்டை உங்கள் விரல் நகத்தின் அளவுதான். அது நிறையத் தகவலோடு ஒரு பஸ் எட்டு மணி நேரம் ஓடினால், விநாடிக்கு 17 மெகாபிட்டுக்கும் மேல் அனுப்பியதற்குச் சமம். எட்டு மணி நேரமும் அறுந்து போகாத அப்படியோர் இணைப்பு மலையடிவாரத்தில் கிடைக்குமா? பஸ்ஸின் குறை ஒன்றே ஒன்று. அது உடனே பதில் சொல்லாது.

உடனே பதில் வராது என்பதை மக்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஏற்றுக்கொள்வார்கள். அவர்கள் ஏற்காதது வேறொன்று. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு செவிலியர்.

பல ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு மலைக் குடியிருப்பின் சுகாதார நிலையத்தில் நாங்கள் ஒரு பெட்டியை வைத்தோம். வாரம் இருமுறை மருந்து கொண்டுவரும் வண்டியில் இன்னொரு பெட்டி. செவிலியர் மருத்துவருக்கு எழுதும் கேள்விகள், மருந்து இருப்புப் பட்டியல், எல்லாம் வண்டியேறிக் கீழே போகும். பதில் அடுத்த வண்டியில் வரும். சில வாரங்கள் நன்றாகவே நடந்தது. ஒரு நாள் நேரில் பார்க்கப் போனேன். அவர் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார். இடது பக்கம், கடிதம் எழுதிய தேதி. வலது பக்கம், பதில் வந்த தேதி. கடைசி பதினோரு நாட்களுக்கு வலது பக்கம் வெறுமையாக இருந்தது.

எங்கள் கணினிப் பதிவுகளில் ஒரு பிழை கூட இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. எல்லாப் பெட்டிகளும் ஒழுங்காக இயங்கியதாகவே பதிவு சொன்னது. மூன்று மணி நேரம் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. பதினோரு நாட்களுக்கு முன்னால் மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்து, பெட்டி அணைந்திருக்கிறது. இப்படிப்பட்ட சிறு கணினிப் பலகைகள் பலவற்றில் அணைந்த பின்னும் ஓடும் கடிகாரம் கிடையாது. மீண்டும் விழித்தபோது அது தன் தேதியை 1970 ஜனவரி 1 என்று வைத்துக்கொண்டது. அதன் பிறகு செவிலியர் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 1970. ஒவ்வொரு கடிதத்துக்கும் பதினான்கு நாள் ஆயுள் என்று நாங்கள் வகுத்திருந்தோம். காலாவதியான கடிதங்கள் இடத்தை அடைக்கக் கூடாது அல்லவா? வண்டியின் பெட்டிக்குச் சரியான தேதி தெரியும். அது ஒவ்வொரு கடிதத்தையும் வாங்கிப் பார்த்து, பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆயுள் முடிந்தது என்று முறைப்படி அழித்தது. விதிப்படி நடந்ததால் பிழையென்று பதியவும் இல்லை.

அந்தக் கடிதங்களில் ஒன்று, ஒரு குழந்தையின் விடாத காய்ச்சலைப் பற்றியது. பதில் வர வேண்டிய வண்டி வெறுங்கையோடு வந்ததும், அவர் அந்தத் தாயையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு தானே கீழே இறங்கிப் போயிருக்கிறார். குழந்தை பிழைத்தது. என்னிடம் அவர் கோபப்படவில்லை. "தம்பி, தாமதமாகும் என்று சொன்னீர்கள். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். காணாமல் போகும் என்று சொல்லவில்லையே" என்றார்.

தாமதம் வேறு, தொலைந்துபோவது வேறு. இதை நான் மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் வலைப்பின்னல் அமைப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். வெள்ளிக்கிழமை வரும் பதிலை நம்பி ஒருவர் தன் வாரத்தைத் திட்டமிட முடியும். கிணற்றில் போட்ட கல்லை நம்பி எதைத் திட்டமிடுவது?

கடிகாரத்தைச் சரிசெய்வது எளிது. நாணய அளவிலான ஒரு பேட்டரி போதும்; வண்டி வரும்போதெல்லாம் சரியான நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகவும் செய்யலாம். அதைவிட நல்ல வழி, தேதியையே நம்பாமல் வயதை எண்ணுவது. 'இந்தக் கடிதம் என்னிடம் எத்தனை மணி நேரம் இருந்தது' என்பதை ஒவ்வொரு பெட்டியும் கடிதத்தோடு கூட்டி எழுதி அனுப்பும். இன்று என்ன தேதி என்று தெரியாத பெட்டிக்கும் அது தெரியும். இத்தகைய வலைப்பின்னலில் பெட்டிகள் எப்படிப் பேச வேண்டும் என்று வகுக்கும் பொது விதிமுறை ஒன்று உண்டு. 2022இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

பொறுப்பை ஏற்பதுதான் கடினமான பகுதி. அதே விதிமுறையின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் அழகான ஏற்பாடு இருந்தது: கடிதத்தை வாங்கிக்கொள்ளும் பெட்டி, 'இனி இது என் பொறுப்பு' என்று கொடுத்தவருக்கு ஒப்புகை தரும். அந்த ஒப்புகை வரும் வரை கொடுத்தவர் தன் பிரதியை அழிக்கக் கூடாது. ஏழாம் பதிப்பின் அடிப்படை விதிகளில் அது இல்லை. நான் அமைக்கும் எந்தக் கிராம வலைப்பின்னலிலும் அதை விடுவதில்லை. ஆயுள் முடிந்து ஒரு கடிதத்தை அழித்தாலும், அழித்த செய்தி எழுதியவருக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

திரையையும் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே மாற்றினோம். சுழலும் வட்டத்தை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு கடிதத்தின் பக்கத்திலும் ஒரு சொற்றொடர்: 'உங்கள் பெட்டியில் இருக்கிறது', 'வண்டி எடுத்துக்கொண்டது', 'மருத்துவமனையில் சேர்ந்தது'. மூன்றாவது செய்தியும் அதே வண்டியில்தான் திரும்பி வர வேண்டும். ஆகவே அதுவரை, 'வெள்ளிக்கிழமை தெரியவரும்' என்று காட்டும். வெள்ளிக்கிழமை வண்டி வரவில்லையென்றால் அதையும் சொல்லும்.

ஸ்வீடனின் வடகோடியில் கலைமான் மந்தைகளோடு இடம் மாறும் சாமி மக்களுக்காகச் செய்த ஆய்வைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அங்கே கால அட்டவணையே கிடையாது. யார் யாரை அடிக்கடி சந்தித்தார்கள் என்பதை நினைவில் வைத்து, யாரிடம் கொடுத்தால் போய்ச் சேரும் என்று பெட்டிகளே கணிக்கும் முறை அப்படித்தான் வளர்ந்தது. எதிரே கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான்.

மற்றவற்றைச் சுருக்கிவிடுகிறேன். விண்ணப்பங்களை வடிவமைப்பவர்களுக்கு: எல்லாக் கேள்விகளையும் ஒரே தடவையில் கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் சர்வரிடம் அனுமதி கேட்கும் விண்ணப்பம் இங்கே எட்டுப் பக்கத்துக்கு எட்டு வண்டிக்காகக் காத்திருக்கும். தவறான அஞ்சல் எண்ணைக் கைபேசியிலேயே கண்டுபிடிக்க முடிந்தால், அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பூட்டு. கடிதத்தைச் சுமக்கும் வண்டிக்காரர் அதைப் படிக்கக் கூடாது. நோயாளியின் பெயர் இருக்கிறது அதில். இணையத்தில் பூட்டுக்கான சாவியை அந்த நொடியிலேயே இருபக்கமும் பேசி முடிவு செய்துகொள்வார்கள். இங்கே அப்படிப் பேச வழி இல்லை. ஆகவே பெட்டியை வைக்கும் அன்றே, செவிலியரும் மருத்துவரும் நேரில் சந்தித்துச் சாவிகளை மாற்றிக்கொள்கிறார்கள். வண்டிக்காரரும் அன்று உடனிருப்பார், தன் பையில் போவது பூட்டிய பொதி என்பதை அவரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக. நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.