பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்

காவிரிப் படுகை நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு பல வருடங்களாக ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். தொண்டு செய்வதைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். சமீபத்தில் என்னிடம் வந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மாணவி வழவழப்பான தாளில் அச்சடித்த கையேடு ஒன்றைக் கொண்டுவந்தாள். போதைப்பொருளின் தீமைகளைச் சொல்லும் கையேடு. இணையத்தில் கேட்டால் இலவசமாகவே அனுப்புகிறார்களாம். "சார், இதை நம்ம தத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல கொடுக்கலாமா?" என்று கேட்டாள். அதை வெளியிடும் நிறுவனத்துக்குப் பின்னால் இருப்பது சயன்டாலஜி என்ற அமைப்பு. அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. நம் பக்கத்தில் பலருக்கும் தெரிந்திருக்காது.

எல். ரான் ஹப்பர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1950-களில் தொடங்கியது சயன்டாலஜி. தங்களை ஒரு மதம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1983-இல் மதம் என்று ஏற்றுக்கொண்டது. அமெரிக்க வருமான வரித் துறை 1993-இல் வரிவிலக்கு கொடுத்தது. பிரான்சிலோ 2009-இல் மோசடிக் குற்றத்துக்காக அங்குள்ள சயன்டாலஜி அமைப்புக்கு அபராதம் விதித்தார்கள். 2013-இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அது மதமா இல்லையா என்ற வழக்கை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் பேச வந்தது அவர்களுடைய தொண்டைப் பற்றி.

1970-களின் நடுவில் 'தன்னார்வப் போதகர்கள்' என்று ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். எங்கே பேரிடர் நடந்தாலும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்த இடத்தில் இருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் இருந்தார்கள். 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது, சயன்டாலஜியைச் சேர்ந்த நடிகர் ஜான் டிரவோல்டா தன் சொந்த விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு நிவாரணப் பொருளோடும் தொண்டர்களோடும் போய் இறங்கினார். மூட்டை தூக்குகிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், இடிபாடு அள்ளுகிறார்கள். முகம் தெரியாதவர்களுக்காக வீட்டை விட்டுக் கிளம்பி வருகிற எந்த மனிதரையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும்.

மூட்டை தூக்குவதோடு இன்னொன்றும் செய்கிறார்கள். அடிபட்டவரையோ அதிர்ச்சியில் இருப்பவரையோ படுக்கவைத்து, ஒரு விரலால் அவர் உடம்பைத் தொடுவார்கள். "என் விரலை உணருங்கள்" என்பார்கள். அவர் ஆமாம் என்றதும் "நன்றி" என்று சொல்லிவிட்டு வேறொரு இடத்தைத் தொடுவார்கள். வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை என்று கைகால் நுனி வரைக்கும் இது போகும். ஆன்மாவுக்கும் உடம்புக்கும் இடையே அறுந்துபோன தொடர்பு இதனால் திரும்ப வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

தொடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. நம் ஊரில் இழவு வீட்டுக்குப் போனால் பெண்கள் கட்டிப்பிடித்துத்தானே அழுகிறார்கள்? அதில் வருகிற ஆறுதலை எந்த மாத்திரையும் தராது. ஆனால் ஆறுதல் வேறு, சிகிச்சை வேறு. சிகிச்சை என்று சொல்லிக் கொடுத்தால், அதைப் பெறுகிறவர் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டுவிடலாம். அதுவும் சயன்டாலஜி மனநல மருத்துவத்தையே எதிர்க்கிற அமைப்பு. அதற்கென்றே 1969-இல் தனியாக ஓர் ஆணையம் தொடங்கி இன்றுவரை நடத்துகிறார்கள். பேரிடரில் எல்லாவற்றையும் இழந்து, தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மனநல மருத்துவர் தேவைப்படும் நாள் வரலாம். அவர் பக்கத்தில் இருக்கிற தொண்டர் அந்த வழியை அடைத்துவிடக் கூடாது.

நியூயார்க்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோபுரங்கள் விழுந்த சில நாட்களில், மன உளைச்சலில் இருப்பவர்கள் கூப்பிடலாம் என்று ஒரு செய்தித் தொலைக்காட்சியில் ஒரு தொலைபேசி எண் ஓடியது. பெயரைப் பார்த்தால் நாட்டின் பொதுவான மனநல உதவி மையம் மாதிரி இருந்தது. மறுமுனையில் இருந்தது சயன்டாலஜி. அங்குள்ள தேசிய மனநலச் சங்கம் மக்களை எச்சரித்தது. அப்புறம் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரரைத் தேடி அலைகிறவர் அழுதுகொண்டே ஒரு எண்ணுக்குப் போன் போடுகிறார். எடுக்கிறவர் யார் என்று விசாரிக்கிற நிலையிலா அவர் இருப்பார்? அதனால்தான் பெயரைச் சொல்ல வேண்டிய கடமை எடுக்கிறவர் தலையில் இருக்கிறது.

செஞ்சிலுவை அமைப்புகளும் உலகத் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் ஒரு நடத்தை விதி எழுதிக்கொண்டார்கள். மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்ப நிவாரண உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் ஒன்று. மதத்தவர்கள் உதவக் கூடாது என்று அந்த விதி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம்தான் முதலில் மறுத்திருப்போம். ஒரத்தநாட்டில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தில் சாதி மதம் பார்க்காமல் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டார்கள்; நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். சுனாமியின்போது நாகூர் பக்கத்து முஸ்லிம் இளைஞர்கள், யார் என்ன மதம் என்று கேட்காமல், அழுகத் தொடங்கிய உடல்களைக் கையால் தூக்கி அடக்கம் செய்தார்கள். பதிலுக்கு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்த நாட்களைப் பார்த்தவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வராத அமைப்பு இல்லை என்று சொல்லலாம். மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. வாங்க ஆளில்லாமல் சாலையோரத்தில் குவிந்து, மழையில் நனைந்து நாறியது. மீனவக் குடும்பங்கள் மானத்தோடு வாழ்ந்தவர்கள். அடுத்தவர் கட்டிக் கழித்த புடவையை எப்படிக் கட்டுவார்கள்? என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். இந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சிநேகா அமைப்பும் முன்னின்று, 2005 ஜனவரியிலேயே மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கினார்கள். யார் வந்திருக்கிறார்கள், எந்தக் குப்பத்தில் என்ன செய்கிறார்கள், எங்கே யாருமே போகவில்லை என்பதெல்லாம் ஒரே இடத்தில் தெரிந்தது. கடற்கரையை விட்டுத் தள்ளியிருந்த தலித் குடியிருப்புகள் பல பட்டியல்களில் விடுபட்டிருந்ததும் அப்படித்தான் வெளியே வந்தது. வருகிற தொண்டர்கள் பெயரையும் ஊரையும் பதிவு செய்வது ஏதோ அலுவலகச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவருக்கு அது ஒரு பாதுகாப்பு.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் வந்து உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நடந்ததைச் சொல், சொல் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது இந்தப் பயிற்சிகளின் அடிப்படை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மன முதலுதவி வழிகாட்டியும் இதையே சொல்கிறது: நிலைமையைப் பார், காதுகொடுத்துக் கேள், உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன்னால் முடியாததை இன்னொருவர் கையில் ஒப்படைக்கத் தெரிந்தவரே நல்ல தொண்டர்.

நம்பிக்கையும் மருத்துவமும் சண்டை போட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் குணசீலம் பெருமாள் கோயில் இருக்கிறது. மனம் பேதலித்தவர்களை அங்கே கூட்டிவந்து 48 நாள் தங்கவைப்பது காலகாலமான வழக்கம். அந்தக் கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு மையமும் நடக்கிறது. தீர்த்தமும் உண்டு, டாக்டர் தரும் மாத்திரையும் உண்டு. பெருமாளைக் கும்பிடுகிறவருக்கு மாத்திரை சாப்பிடுவதில் ஒரு தடையும் இல்லை. இப்படி ஓர் ஏற்பாட்டைக் கண்ணெதிரே வைத்திருக்கும் நமக்கு, மருந்தை விலக்கச் சொல்லும் தொண்டு எதற்கு?

அந்த மாணவிக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். கஞ்சா வேண்டாம், போதை மாத்திரை வேண்டாம் என்று சொல்வதில் யாருக்கு மறுப்பு? ஆனால் தலைமையாசிரியரிடம் நீட்டும்போது இதை வெளியிடுவது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெரிந்தபின் அவர் வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றேன். சயன்டாலஜியோடு சேர்ந்த நார்கோனான் என்ற போதை மறுவாழ்வுத் திட்டம் இருப்பதையும் சொன்னேன். 1966-இல் அமெரிக்காவின் அரிசோனா சிறையில் ஒரு கைதி தொடங்கியது அது. ஹப்பர்ட் சொன்னபடி, உடம்புக் கொழுப்பில் தங்கிய போதையை வியர்வையாக வெளியேற்றுவதாகச் சொல்லி, நயாசின் வைட்டமினை அதிக அளவில் கொடுத்து மணிக்கணக்கில் வெந்நீராவி அறை போன்ற சூடான அறையில் உட்காரவைப்பார்கள். 2005-இல் கலிபோர்னியா கல்வித் துறை, நார்கோனானின் போதை எதிர்ப்பு வகுப்புகளில் சொல்லப்படுவது அறிவியலுக்குப் பொருந்தவில்லை என்று பள்ளிகளை விலகச் சொன்னது. 2012-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருந்த மையத்தைச் சுகாதார அதிகாரிகள் மூடவைத்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அரசு மருத்துவமனையிலிருந்து ஓர் ஆலோசகரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வருவதாக அவளே முடிவெடுத்தாள். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

கடைசியாக ஒன்று. நம் படுகையில் போதை என்றால் பெரும்பாலும் சாராயம்தான். சம்பா நடவும் அறுவடையும் முடிந்து கையில் காசு புழங்கும் நாட்களில் எத்தனை குடும்பங்கள் படும் பாடு என்று உங்களுக்கே தெரியும். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர், கார்த்திகையில் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துகிறார். நல்ல காரியம்தான். ஆனால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இல்லாத பூச்சி உடம்பில் ஊர்வதாகச் சிலர் சொல்வார்கள், வலிப்பும் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் சாமி குத்தம் என்றோ பேய் பிடித்துவிட்டது என்றோ நினைத்துவிடுகிறார்கள். இது திடீரென்று குடியை நிறுத்தியதால் உடம்பில் வருகிற கோளாறு. கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவமனையில் சேர்த்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதனால் மாலை போடும் முன்பே, பழக்கத்தை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி, நிறுத்துவதற்கு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். வலிப்போ மனக்குழப்பமோ வந்துவிட்டால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மனசு சரியில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நன்றி, வணக்கம்.