ஜாமீன் எடுத்துக் கொடுத்தது யார்?

(“நகரத்து வன்முறையை அடக்கப் பெரிதும் தேவை காவலும் சிறையுமா, திருத்தும் மாற்று வழிகளா?” என்ற தலைப்பில் வேலூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘மாற்று வழிகளே’ என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்து நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் ‘அடியாத மாடு படியாது’ என்று சொன்னபோது எழுந்த கைதட்டலை நானும் கேட்டேன். அந்தக் கைதட்டலுக்குள் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். இரவு பத்து மணிக்குக் காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கித் தனியாக வீடு திரும்பும் பெண் நானும்தான். பட்டாக்கத்தியை மேசைமேல் வைத்து மாமூல் கேட்டவனைப் பார்த்த கடைக்காரர் அடுத்த நாள் கடை திறக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். கொலை செய்தவனும், பெண்ணைச் சிதைத்தவனும், கூலிக்கு வெட்டுகிறவனும் சிறைக்குப் போகத்தான் வேண்டும். சிறையை இடிக்கச் சொல்லி எங்கள் அணி இங்கே வரவில்லை.

எங்கள் கேள்வி அதற்கு முந்தியது. அந்தக் கூலிக்கு வெட்டுகிறவன் எங்கே உருவானான்?

நான் வழக்கறிஞர். சட்ட உதவி வழக்குகளில் ஆஜராகிறவள். சில ஆண்டுகளுக்கு முன் மயானக்கொள்ளை அன்று பாலாற்றங்கரையில் நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறேன். சிவராத்திரிக்கு மறுநாள் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்காளம்மன் தேர், பம்பை, வேடம் போட்டு ஆடுகிறவர்கள், சில்லறையும் காய்கறியும் வாரி இறைக்கும் கூட்டம். அந்த நெரிசலில், மேளத்துக்கு முன்னால் யார் ஆடுவது என்று இரண்டு தெருப் பையன்களுக்குள் தகராறு. ஒருவன் தலையில் கட்டை பட்டு ஆறு தையல். அடித்த தரப்பில் இரண்டு பேரைப் பிடித்தார்கள். இருவருக்கும் வயது 19. அதுவரை இருவர் மீதும் ஒரு வழக்கும் இல்லை. தலையில் அடி என்பதால் கொலை முயற்சிப் பிரிவும் சேர்ந்தது. இருவரையும் ரிமாண்ட் செய்தார்கள்.

முதல் பையனுக்குத் தாய்மாமன் இருந்தார். சொந்த வீடு, வீட்டு வரி ரசீது, கூட வந்து கையெழுத்துப் போட ஒரு நண்பர். பதினோராம் நாள் பையன் வெளியே வந்துவிட்டான். இரண்டாமவனுக்கும் அதே நாளில்தான் ஜாமீன் உத்தரவு கிடைத்தது. ஆனால் அவனுக்கு இருந்தது அம்மா மட்டும். பீடி சுற்றுகிறவர். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும் அம்மா என்று நான் சொன்னதும், மஞ்சள் பையைத் திறந்து ஒவ்வொரு காகிதமாக என் மேசைமேல் எடுத்து வைத்தார். ரேஷன் கார்டு, பையனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கரண்ட் பில். அந்தப் பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. செல்லாது என்று சொன்னேன். பீடி இலையை மடிக்கும் அதே பக்குவத்தோடு அதை நாலாக மடித்துப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். ஜாமீன் உத்தரவு கையில் இருக்கும்போதே அவர் மகன் சிறையில் கிடந்தான். மொத்தம் 52 நாள்.

ஐம்பத்து மூன்றாம் நாள் இரண்டு ஜாமீன்தாரர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது. உள்ளே அவனோடு இருந்த ஓர் ‘அண்ணன்’ ஆள் அனுப்பியிருந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரோ புண்ணியவான்” என்று அழுதார். நானும் அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. ஏனென்றால் அந்த ஜாமீனுக்கு ஒரு கணக்கு இருந்தது. நாலு மாதம் கழித்து அண்ணன் ஒரு வேலை சொல்லி அனுப்பினார். வண்டி மட்டும் ஓட்டினால் போதும் என்றார்கள். இன்று அவன்மேல் மூன்று வழக்குகள். பெயர் ரவுடிப் பட்டியலில் இருக்கிறது.

நடுவர் அவர்களே, நகரத்து வன்முறைக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாலும் தெருமுனையில் நடக்கிறது என்று நினைக்கிறோம். ஆள் சேர்ப்புக்கு அதைவிட வசதியான இடம் ரிமாண்ட் பிளாக். அங்கே ஒருவனுக்கு அழக்கூட இடமில்லாத நேரத்தில் ஒருவர் தோளில் கை போடுகிறார், சோப்பு கொடுக்கிறார், வக்கீலுக்கும் ஜாமீனுக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அரசு செய்யத் தவறிய காரியத்தை ரவுடி செய்து கொடுக்கிறான். அதற்குப் பிறகு பையன் யாருக்கு விசுவாசமாக இருப்பான்?

இது ஒரு பையன் கதை என்று எதிரணி சொல்லக்கூடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பார்க்கட்டும். 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு மேல், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர்.

சிறையே திருத்தும் இடம்தானே என்று இரண்டாவதாகப் பேசிய நண்பர் கேட்டார். நம் தொரப்பாடிச் சிறையைச் சான்றாகக் காட்டினார். 1830 முதல் நிற்கும் சிறை அது. அங்கே கைதிகள் காவலர்களுக்குப் பூட்ஸ் தைக்கிறார்கள். அதே தொரப்பாடியில்தான் ஆப்கா என்ற சிறை நிர்வாகப் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1979இலிருந்து தென்மாநிலங்களின் சிறை அதிகாரிகள் அங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள். திருத்துவது எப்படி என்று தென்னிந்தியாவுக்கே பாடம் நடத்தும் ஊர் நம்முடையது, எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் பூட்ஸ் தைக்கும் தொழிற்கூடம் பெரும்பாலும் தண்டனைக் கைதிக்கு உரியது. பதினைந்து பதினைந்து நாளாக ரிமாண்ட் நீட்டிக்கப்படும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அங்கே என்ன வேலை? அவன் நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்து பெரியவர்கள் பேசுவதைக் கேட்கிறான்.

மாற்று வழி என்பது வெளிநாட்டுச் சரக்கு என்றும் சொன்னார்கள். அது தவறு. நன்னடத்தையின் பேரில் விடுவிக்கும் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1936லேயே இயற்றிவிட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 1958இல்தான் வந்தது. அந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில் 21 வயது நிரம்பாத ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், வேறு வழி ஏன் பொருந்தாது என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். சிறை விதிவிலக்கு, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பே பொதுவிதி. எவ்வளவு அழகான சட்டம்! ஆனால் அது தீர்ப்பு நாளுக்குத்தான் பொருந்தும். தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பையன் ஐம்பத்து இரண்டு நாள் படித்து முடித்துவிடுகிறான்.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனை. ஐந்தாயிரம் ரூபாய்க்கும் குறைவான பொருளை முதல்முறையாகத் திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையோடு போகலாம். வரவேற்கிறேன். ஆனால் கோயில் திருவிழாவில் கைகலந்த பையனுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. சாதாரணமாக அடித்துக் காயப்படுத்திய குற்றத்துக்குச் சமூக சேவையைச் சட்டம் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும். தையல் போட்டுக்கொண்ட பையனின் ஆஸ்பத்திரிச் செலவை அடித்தவன் உழைத்துக் கொடுக்கட்டும், மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளட்டும். அடிபட்டவனுக்கும் அதில் ஏதாவது கிடைக்கும். இப்போது அவனுக்குக் கிடைப்பது வாய்தா தேதி ஒன்றுதான்.

புனேயைச் சொல்லிக் கேட்டார்கள். 2024 மே மாதம் சொகுசுக் காரை ஓட்டி இரண்டு பேரைச் சாகடித்த சிறுவனுக்கு முந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்களே, இதுதான் உங்கள் மாற்று வழியா என்றார்கள். அதைக் கேட்டு நாடு கொதித்தது, நானும் கொதித்தேன். அது பணத்துக்குக் கிடைத்த சலுகை. பீடித் தொழிலாளியின் மகனுக்கு ஒருநாளும் கிடைக்காத சலுகை. நான் கேட்கும் மாற்று வழியில் பாதிக்கப்பட்டவருக்குப் பேச ஒரு நாற்காலி உண்டு. புனேயில் அந்த நாற்காலியே இல்லை.

இப்போது வேலூருக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். பிரிட்டனில் கார்டிஃப் என்று ஒரு நகரம். அங்கே ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகச் சீரமைப்பு அறுவை மருத்துவர், அடிதடியில் தாடை உடைந்து வருகிறவர்களுக்குத் தைத்துத் தைத்து ஒன்றைக் கவனித்தார். இவர்களில் பெரும்பகுதியினர் போலீசுக்கே போவதில்லை. ஆகவே அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில் மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொன்னார். எங்கே அடிபட்டீர்கள், எத்தனை மணிக்கு, எதனால்? பெயரும் முகவரியும் நீக்கிவிட்டு அந்தத் தகவல் மட்டும் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் போனது. எந்த மதுக்கூடம், எந்தத் தெரு, சனிக்கிழமை எத்தனை மணி என்று படம் தெளிந்தது. காவலர்களை அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிறுத்தினார்கள். கண்ணாடிக் கோப்பை ஆயுதமாகிறது என்று தெரிந்ததும் உடையாத கோப்பைக்கு மாற்றச் செய்தார்கள். ஒப்பிட்ட மற்ற நகரங்களைவிட, வன்முறையால் மருத்துவமனையில் சேர்வோர் எண்ணிக்கை அங்கே 42 சதவீதம் குறைந்தது என்று 2011இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

ஒரே ஒரு படுக்கையோடு 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை வளர்ந்து நிற்கும் ஊர் இது. நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் ரயிலேறி வரும் ஊர். அடிபட்டவன் எங்கே வருவான் என்று நமக்குத் தெரியும். அந்த மூன்று கேள்விகளை இங்கே கேட்க எவ்வளவு செலவாகும்? பாலாற்றங்கரையில் எந்த இடத்தில் விளக்கு எரியவில்லை, எந்த மதுக்கடை மூடும் நேரத்தில் மண்டை உடைகிறது என்று ஒரே ஆண்டில் தெரிந்துவிடாதா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தைப் பற்றி என் அணித் தோழர் பேசுவார், நான் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். 2005இல் வன்முறைத் தடுப்புப் பிரிவை அங்கே தொடங்கியதே காவல்துறைதான். கத்தி ஏந்திய கும்பல் பையன்களை 2008இல் ஒரு நீதிமன்ற அறைக்கு அழைத்தார்கள். காவல்துறை எச்சரித்தது. மருத்துவர் காயங்களை விவரித்தார். மகனைக் கும்பல் வெட்டிய வேதனையை ஒரு தாய் எழுந்து சொன்னார். பிறகு ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, வெளியேற விரும்புகிறவர்கள் கூப்பிடுங்கள், படிப்பும் வேலையும் தேடித் தருகிறோம் என்றார்கள். 2004-05இல் ஸ்காட்லாந்தில் 137 பேர் கொலையானார்கள். பத்தே ஆண்டில் அது பாதிக்கும் கீழே இறங்கியது.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் என்ற நாடு ஆட்களைக் கூட்டமாகச் சிறையில் அடைத்தே கொலைகளைக் குறைத்ததே என்றும் எதிரணி கேட்டது. அதற்கும் நேராகப் பதில் சொல்கிறேன், ஒளிய மாட்டேன். 2015இல் அங்கே 6,656 கொலைகள். 2024இல் 114. உண்மை. 2022 முதல் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து அடைத்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் அவர்களில் சுமார் எட்டாயிரம் பேரை நிரபராதிகள் என்று அந்த அரசே பின்னால் விடுவித்தது. அந்நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு மேல் இன்று சிறையில் இருக்கிறார்கள். அந்த விகிதத்தைத் தமிழ்நாட்டுக்குப் போட்டால் பதினோரு லட்சம் பேர் வருகிறது. இந்தியா முழுவதும் உள்ள கைதிகளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தப் பதினோரு லட்சத்தில் யார் வீட்டுப் பையன்கள் இருப்பார்கள்? வீட்டு வரி ரசீது இல்லாத வீட்டுப் பையன்கள்.

குடியாத்தத்தில் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு தெருத்தெருவாக வருகிறது. அந்தக் கதையைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தந்தை சொன்னார் என்று மகன் தாயின் தலையை வெட்டினான். வெட்டிய கையோடு அவளை உயிரோடு திருப்பிக் கொடு என்று வரம் கேட்டான். வரமும் கிடைத்தது. ஆனால் அவசரத்தில் தலை வேறோர் உடலில் பொருந்திவிட்டது. கடவுள்களின் கதையிலேயே அவசரமாகக் கொடுத்த தண்டனையைப் பழையபடி திருப்பி எடுக்க முடியவில்லை. போலீசிடம் பிடிபட்ட பின் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் இளைஞன் படத்தைப் பார்த்து நாம் ஏன் கைதட்டுகிறோம்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்று அடித்த ஒரு தந்தையும் மகனும் இறந்தபோது அழுதவர்களும் நாம்தானே? இரண்டையும் செய்வது ஒரே லத்திதான்.

குற்றவாளி பயப்படுவது தண்டனை எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்தா? நிச்சயமாகப் பிடிபடுவோம், சாட்சி பிறழாது, தீர்ப்பு சீக்கிரம் வரும் என்று தெரிந்தால் அவன் பயப்படுவான். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018லேயே ஒப்புதல் கொடுத்தது. திருவிழாச் சண்டைக்காரனை ரிமாண்டுக்கு அழைத்துச் சென்று திரும்பும் காவலர்கள், கொலை வழக்கின் சாட்சி வீட்டுக்கு வெளியே நிற்கட்டும் என்று கேட்கிறேன். காவல்துறையின் கையைக் கட்டச் சொல்லவில்லை, அந்தக் கை எங்கே தேவையோ அங்கே இருக்கச் சொல்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அந்த இரண்டு பையன்களைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. குற்றப்பத்திரிகை வந்தபோது கொலை முயற்சிப் பிரிவு அதில் இல்லை. கட்டையால் அடித்தது முதல் எதிரி என்று எழுதியிருந்தது. முதல் எதிரி என்றால் வழக்கில் முதலாவதாகக் குற்றம்சாட்டப்பட்டவன். தாய்மாமன் ஜாமீன் எடுத்த அந்த முதல் பையன். அவன் இன்று லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். விடியற்காலை நாலு மணிக்கு நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிறான், திருமணம் ஆகிவிட்டது, நல்லபடியாக இருக்கிறான். அவன் அப்படி இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். பக்கத்தில் நின்றிருந்த இரண்டாமவனுக்கு வரும் செவ்வாய்க்கிழமை வாய்தா. அவன் அம்மா ஒன்பது மணிக்கே வந்து நீதிமன்ற வாசலில் நிற்பார், அதே மஞ்சள் பையோடு.