தலையாட்டுவது பதில் இல்லை

வணக்கம் நேயர்களே. சிட்னியில் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபர் நான், பயிற்சிக்கு வரும் மாணவர்களையும் கவனித்துக்கொள்கிறேன். இந்த வேலைக்கு என்ன திறமை வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது, "பிள்ளைக்கு பிசிக்ஸ் நல்லா வரும், போதாதா?" என்பதுதான். பிசிக்ஸ் வேண்டும், சரி. ஆனால் என்னிடம் வந்து திணறிய பிள்ளைகள் பெரும்பாலும் பிசிக்ஸில் திணறவில்லை, வலியோடு சக்கர நாற்காலியில் வருகிறவரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் திணறினார்கள்.

ஆஸ்திரேலியாவில் மெடிக்கல் ரேடியேஷன் பிராக்டிஷனர் என்றால் மூன்று வகை: என்னைப் போல் படம் எடுப்பவர், புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுப்பவர், கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்திப் பரிசோதிக்கும் நியூக்ளியர் மெடிசின் பார்ப்பவர். 2012 ஜூலையிலிருந்து இவர்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறை. பதிவு இல்லாமல் வேலை பார்க்க முடியாது.

முதல் பாடம் பெயர் கேட்பது. "நீங்க மிஸஸ் நுயென்தானே?" என்றால் காது கேட்காதவரும் ஆமாம் என்பார், வெளியே இன்னும் இரண்டு நுயென் உட்கார்ந்திருப்பார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். அப்புறம், எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். மாணவனாக இருந்தபோது நான் அதைக் கேட்கவில்லை. படிவத்தில் இடது முழங்கால் என்று இருந்தது, அந்த மனிதர் வலது காலைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தார், நான் அழகாக இடது காலைப் படம் எடுத்து முடித்தேன். "படிவமா நொண்டிக்கிட்டு வந்துச்சு?" என்று கேட்டார் என் மேற்பார்வையாளர்.

இன்னொன்று நம் ஊர் சங்கதி. ஒரு தமிழ் அம்மாவுக்கு சிடி ஸ்கேன், படம் தெளிவாகத் தெரிய நரம்பில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்ற வேண்டும். மாணவி ஆங்கிலத்தில் அலர்ஜி உண்டா என்று கேட்க, அம்மா சிரித்தபடி "நோ, நோ" என்றார். அடுத்த கேள்விக்கும் நோ. வயதைக் கேட்டதற்கும் நோ! அப்போதுதான் உள்ளே போய், "அம்மா, இதுக்கு முன்னாடி இந்த ஊசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். "போட்டாங்கப்பா, உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிருச்சு" என்றார். ஊசியை நிறுத்தினோம். அன்று நான் இருந்தேன். நாளை வியட்நாம் பாட்டி வந்தால்? மொழிபெயர்ப்பாளரைப் போனில் கூப்பிட வேண்டும். பேரனை வைத்து ஒப்பேற்றக் கூடாது, கர்ப்பமா என்ற கேள்வியை மாமியார் முன்னால் கேட்கவும் கூடாது.

கதிர் சிகிச்சையில் வேறு மாதிரிக் கண் வேண்டும். அங்கே வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்களுக்கு அதே நோயாளி வருவார். தொண்டையில் புற்றுநோய் என்றால், தலை அசையாமலிருக்க முகத்துக்கு அச்சாக ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்து மேசையோடு பூட்டுவார்கள். சாப்பிட முடியாமல் இளைத்துப் போனால் மாஸ்க் தளரும், தளர்ந்தால் கதிர் விழும் இடம் விலகக்கூடும். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்பது அங்கே வெறும் நலம் விசாரிப்பு இல்லை.

மாணவர்களுக்கு மிகக் கஷ்டமானது டாக்டரிடம் கேள்வி கேட்பது. மார்பு எக்ஸ்ரே ஒன்றில் சுமார் 0.02 மில்லிசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு) கதிர்தான், வயிற்று சிடி என்றால் பெரும்பாலும் அதைப்போல் சில நூறு மடங்கு. முந்தின நாள்தான் வேறு இடத்தில் அதே ஸ்கேன் எடுத்தேன் என்று நோயாளி சொன்னால், பொத்தானை அழுத்துவதற்கு முன் எழுதிக் கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டு மறுபடி தேவையா என்று கேட்க வேண்டும், அதுவும் இந்தத் தொழிலின் கடமைதான். முதல் தடவை போனை எடுக்கும்போது கை நடுங்கும். பரவாயில்லை, நான் பக்கத்தில்தான் நிற்பேன், ஆனால் போனை வாங்க மாட்டேன்.