புள்ளியை அழித்தால் கோடு என்ன ஆகும்?

நேயர்களுக்கு வணக்கம். நான் செங்கோட்டைக்காரன். மென்பொருள் எழுதுவது என் தொழில். வானொலியில் படம் காட்ட முடியாது. நான் பேச வந்திருப்பதோ படத்தைப் பற்றி. அதனால் வாசலில் போடும் ஒரு புள்ளிக் கோலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் இருக்கின்றன, ஒரு புள்ளியையும் இன்னொரு புள்ளியையும் சேர்க்கும் கோடுகள் இருக்கின்றன. இதற்குக் கணிதத்தில் கோட்டுரு என்று பெயர். எங்கள் தொழிலில் கிராஃப் என்போம். அந்தக் கோட்டுருவை விதிப்படி மாற்றுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

கோலத்தை வெறும் உவமைக்காக இழுத்து வரவில்லை. 1974-இல் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். சின்னக் கோலம் எந்த விதியால் பெரிய கோலமாக வளர்கிறது என்பதைக் கணினிக்குப் புரியும்படி எழுதிக் காட்டினார்கள். நம் வாசலில் இருந்ததை அறிவியலாகப் பார்த்தவர்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

சரி, இது எனக்குப் புரிந்த ஒரு லாரி ஆபீஸின் கதைக்கு வருகிறேன். தென்காசிப் பக்கத்துக் காய்கறி புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவு தாண்டி, புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகிறது. அந்த லோடுகளுக்கு லாரி ஏற்பாடு செய்யும் ஒரு ஆபீஸுக்கு நான் நிரல், அதாவது கணினி புரோகிராம், எழுதிக் கொடுத்தேன். அதில் டிரைவர் ஒரு புள்ளி, லாரி ஒரு புள்ளி, லோடு ஒரு புள்ளி. ‘இந்த லோடு இந்த டிரைவர் பொறுப்பு’ என்பது ஒரு கோடு. அப்போது நான் அப்படி வரைந்து பார்க்கவில்லை. தனித்தனிப் பட்டியல்களாகத்தான் எழுதியிருந்தேன்.

ஒரு டிரைவர் வேலையை விட்டார். ஆபீஸில் அவர் பெயரை அழித்தார்கள். அவர் பெயரில் ஒரு தக்காளி லோடு இருந்ததை நிரல் பார்க்கவில்லை. லோடு இன்னும் யாரோ ஒருவர் பொறுப்பில் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டது. அதனால் ‘ஆள் தேவை’ என்ற பட்டியலில் அந்த லோடு வரவேயில்லை. இரவு முழுக்கத் தக்காளி மண்டி வாசலிலேயே கிடந்தது. காலையில் அதை வாங்கியவரின் போன் வந்த பிறகுதான் தெரிந்தது. பாதி வீணாகிவிட்டது. அந்த விவசாயியின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

புள்ளியை அழித்தோம், அதைத் தொட்டுக்கொண்டிருந்த கோடு ஒரு முனை இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. இந்தத் தொங்கும் கோட்டைப் பற்றி 1973-இலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஜெர்மனியில் ஹார்ட்முட் ஏரிக், மைக்கேல் ப்ஃபெண்டர், ஹான்ஸ் யூர்கன் ஷ்னைடர் மூவரும், ஒரு கோட்டுருவை மாற்றுவதற்கான விதியை எப்படி எழுத வேண்டும் என்று வகுத்தார்கள். அவர்கள் முறையில் ஒரு விதிக்கு மூன்று பகுதி: மாறுவதற்கு முன் என்ன இருக்க வேண்டும், மாறிய பின் என்ன இருக்கும், இரண்டுக்கும் நடுவே எது அசையாமல் நிற்கும்.

அந்த நடுப்பகுதியை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை, கொல்லம் மாவட்டத்திலிருந்து திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. கோட்டுருவில் வரைந்தால், செங்கோட்டை ஒரு புள்ளி, கொல்லம் ஒரு புள்ளி, திருநெல்வேலி ஒரு புள்ளி. மூன்றும் அப்படியே நிற்கின்றன, அவைதான் நடுப்பகுதி. ‘இந்த மாவட்டத்தைச் சேர்ந்தது’ என்ற ஒரு கோடு அழிகிறது, அதே பெயரில் வேறொரு கோடு பிறக்கிறது. அவ்வளவுதான் விதி. புனலூரில் பெண் கொடுத்த உறவும், கொல்லத்தோடு இருந்த வியாபாரமும், 1904-இலிருந்து ஓடும் ரயில் பாதையும் செங்கோட்டைப் புள்ளியைத் தொட்ட கோடுகள்தான். விதி அவற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை; அதனால் அவை எதுவும் அறுபடவில்லை. ஊரையே அழித்துவிட்டு இன்னொரு மாவட்டத்தில் புதிதாக எழுதியிருந்தால்? அத்தனை கோடுகளும் தொங்கியிருக்கும். மென்பொருளில் நாம் பல நேரம் இதைத்தான் செய்கிறோம்: பழையதை அழித்துப் புதிதாகப் பதிகிறோம்.

தொங்கும் கோட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஏரிக் குழுவின் முறைக்கு டபுள் புஷ்அவுட் என்று பெயர். புள்ளியை அழித்தால் ஒரு கோடாவது தொங்கும் என்றால், அந்த விதியை அந்த இடத்தில் நடத்தவே விடாது. பின்னால் வந்த சிங்கிள் புஷ்அவுட் முறை, தொங்கும் கோடுகளையும் சேர்த்து அழித்துவிடும். எனக்கு முதல் முறைதான் பிடிக்கும். டிரைவர் பெயரை அழிக்கப் போனால், ‘இவர் பொறுப்பில் ஒரு லோடு இருக்கிறது, முதலில் அதை வேறு ஆளிடம் மாற்று’ என்று நிரல் மறிக்க வேண்டும். டேட்டாபேஸிலும் இதற்குப் பூட்டு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, போட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பூட்டு ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகக் காக்கும். டிரைவர், லாரி, லோடு, பெர்மிட் நான்கும் சேர்ந்து எந்த அமைப்பில் இருந்தால் லாரி கிளம்பலாம் என்பதை ஒரே படமாக அது சொல்லாது. விதி சொல்லும்.

விதியில் இன்னொரு வசதியும் உண்டு: எது இருக்கக்கூடாது என்றும் எழுதலாம். ஒரு லோடை லாரியோடு சேர்க்கும் விதியில், அந்த லாரிக்கு ஏற்கெனவே இன்னொரு லோடுக் கோடு இருக்கக்கூடாது என்று சேர்த்தேன். அப்புறம்தான் அடுத்த சிக்கல் கண்ணில் பட்டது. இரண்டு பேர் இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் ஒரே லாரியைப் பிடிக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு விதியும் சரி. ஒன்று முதலில் நடந்தால் மற்றது நடக்க முடியாது. இப்படி முட்டிக்கொள்ளும் ஜோடிகளை, நிரலை ஓட்டிப் பார்க்காமலே விதிகளை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஏஜிஜி என்ற கருவி அதைச் செய்கிறது. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தின் க்ரூவ், ஒரு கோட்டுருவிலிருந்து விதிகளால் எந்தெந்த நிலைக்குப் போக முடியும் என்று விரித்துக் காட்டும்.

எல்லாவற்றையும் கருவியே சொல்லிவிடும் என்று நினைக்க வேண்டாம். எந்த வரிசையில் நடத்தினாலும் விதிகள் ஒரே முடிவில் வந்து சேருமா என்பதை, எல்லா விதித் தொகுப்புக்கும் பொதுவாகத் தீர்மானிக்கும் நிரல் எழுதவே முடியாது என்று டெட்லெஃப் ப்ளம்ப் 1993-இல் நிறுவினார். எத்தனை கருவி வந்தாலும் மனிதர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் அது.

பெரிய மென்பொருளின் கட்டமைப்புக்கும் இதே முறை உதவும். 1998-இல் டேனியல் லெ மெத்தாயே, ஒரு கட்டமைப்புப் பாணியையே கோட்டுரு இலக்கணமாக எழுதலாம் என்றார். கேட்டதைக் கொடுக்கும் சர்வர் ஒன்று, அதைச் சுற்றி அதனிடம் கேட்டு வாங்கும் கிளையண்ட்கள் என்பது பாணி என்றால், அந்த உருவத்தை வளர்க்கும் விதிகளே அந்தப் பாணியின் வரையறை. அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை மாற்ற ஒரு விதி எழுதினால், அது பாணியைக் கெடுக்குமா என்று விதியை ஒருமுறை சோதித்தால் போதும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் முழு அமைப்பையும் சோதிக்க வேண்டியதில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பயன்பட்ட எண்ணம் இது.

ஓடுகிற அமைப்பை மாற்றுவது என்றதும் எனக்கு எங்கள் ரயில் பாதைதான் நினைவுக்கு வரும். மீட்டர் கேஜை எடுத்து அகலப் பாதை போட்டார்கள். விருதுநகரிலிருந்து செங்கோட்டை வரை 2004-இல் முடிந்தது. கொல்லத்திலிருந்து புனலூர் வரை 2010-இல் முடிந்தது. நடுவே பதிமூணு கண் பாலமும் குகைகளும் இருக்கும் மலைப்பாதை அந்த 2010-இல் மூடப்பட்டு, 2018-இல்தான் முழுதாகத் திறந்தது. அத்தனை வருஷமும் நடுவில் ஒரு கோடு இல்லாமல் இருந்தோம்; பஸ்ஸில் மலையேறினோம். ஆனால் இரண்டு பக்கத்திலும் ரயில் ஓடியது. ஒவ்வொரு விதி முடிந்ததும் மிச்சம் இருக்கும் கோட்டுரு வேலை செய்ய வேண்டும். வரிசையை அதற்காகத்தான் யோசிக்கிறோம்.

அந்த லாரி ஆபீஸின் பழைய நிரலை இப்போது அந்த வரிசையில்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம். லோடு பதியும் பகுதி புதியது, பில் போடும் பகுதி புதியது. நடுவில் வாடகைக் கணக்கு மட்டும் இன்னும் பழையதிலேயே ஓடுகிறது. அதை மாற்றும் விதியைத் தாளில் வரைந்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எதெல்லாம் இருக்கக்கூடாது என்ற இடத்தில் டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து எழுதிவிட்டுப் போகிறார்கள். நேற்று வரை ஏழு சேர்ந்திருக்கிறது. வணக்கம்.