சுத்தியல் விடுபடும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். வாசிப்பவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் மூடியைத் திறந்து உள்ளே குனிந்திருப்பேன். இன்று உங்களையும் அந்த இடத்துக்கு அழைத்துப் போகிறேன்.

பியானோவில் 88 கட்டைகள். அதில் ஒன்றை மிக மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். சத்தமே வராது. ஏறக்குறைய அடிவரை இறங்கியதும் விரல் நுனியில் ஒரு சின்னத் தடை தட்டுப்படும். கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று விலகிவிடும். கட்டை சுத்தியலைக் கைவிடும் இடம் அதுதான்.

வாசிக்கும்போது நடப்பதும் இதேதான். விரல் கொடுத்த வேகத்தில் சுத்தியல் கிளம்புகிறது. கம்பியைத் தொட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது கட்டையோடு அதற்கிருந்த பிடி விட்டுப்போகிறது. மீதித் தூரத்தைக் கையை விட்டுப் போன கல் மாதிரி தானே கடந்து, கம்பியை அடித்து, உடனே திரும்பிவிடுகிறது. அப்படி விடுபடாமல் கம்பியின் மேலேயே கிடந்தால், தான் எழுப்பிய நாதத்தைத் தானே அமுக்கிவிடும்.

இந்த விடுபடுதலை 1700-ஆம் ஆண்டு வாக்கில் செய்து காட்டியவர் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபொரி. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தின் வாத்தியங்களைப் பராமரித்து வந்தவர். அன்றைக்குப் பெரிதும் புழக்கத்தில் இருந்த ஹார்ப்சிகார்டு கம்பியைக் கிள்ளும் வாத்தியம். கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தொட்டாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றுதான். இவருடைய வாத்தியத்தில் மெல்லவும் வாசிக்கலாம், பலமாகவும் வாசிக்கலாம். இத்தாலிய மொழியில் மெல்ல என்றால் 'பியானோ', பலமாக என்றால் 'ஃபோர்ட்டே'. இரண்டும் சேர்ந்திருந்த பெயர் தேய்ந்து ஒன்று மட்டும் நின்றது. பின்னால் வந்தவர்கள் எத்தனையோ சேர்த்தார்கள். ஆனாலும் இன்றைய பியானோவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அவருடைய யோசனைதான் இருக்கிறது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

சரி, சுத்தியல் அடித்துவிட்டது. அதன் தலையில் அழுத்திச் செய்த கம்பளி இருக்கிறது. மெல்ல அடித்தால் கம்பளி மெத்தென்று படும், ஒலி உருண்டையாக வரும். ஓங்கி அடித்தால் அது நசுங்கி இறுகிவிடும். ஒலி பெரிதாவதோடு அதில் ஒரு பளபளப்பும் ஏறும். அதனால்தான் ஒலிப்பதிவின் சத்தத்தைக் குறைத்து வைத்தாலும், பலமாக வாசித்தது பலமாக வாசித்ததாகவே கேட்கிறது.

பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மும்மூன்று கம்பிகள். கீழே போகப் போக இரண்டு, அப்புறம் செம்பு சுற்றிய தடித்த ஒற்றைக் கம்பி. மொத்தம் 200-க்கு மேல். அவை இழுக்கும் இழுவை எல்லாம் சேர்ந்தால் பல டன்; வார்ப்பிரும்புச் சட்டம் இல்லாமல் தாங்காது.

இவ்வளவு இழுத்துக் கட்டியும் கம்பி தனியாகப் பெரிதாக ஒலிக்காது. அது மெல்லியது; காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, தள்ளாது. கம்பியின் அதிர்வு ஒரு மரப்பாலத்தின் வழியாக அகலமான ஒலிப்பலகைக்கு இறங்குகிறது. ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த அந்தப் பலகையின் கனம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அது அசையும்போதுதான் அறைக்காற்று அசைகிறது. பலகை சத்தத்தைக் கூட்டுகிறது என்பார்கள். புதிதாக எந்தச் சக்தியையும் அது சேர்ப்பதில்லை. கம்பியிடம் இருப்பதைக் காற்றிடம் சீக்கிரமாகக் கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

என் வேலை வருவது இங்கே. அடித்த கணத்தில் மூன்று கம்பிகளும் சேர்ந்து பலகையைத் தள்ளுகின்றன. ஒலி வேகமாகச் செலவாகிறது. கொஞ்ச நேரத்தில் அவற்றின் அசைவு ஒன்றுக்கொன்று மாறி, பலகையைத் தள்ளுவது குறைகிறது. மிச்சம் இருப்பது மெல்ல மெல்லத்தான் கரைகிறது. பியானோவின் கார்வை அதுதான். ஆனால் ஒரு கம்பி அளவுக்கு மீறி விலகினால் ஒலி அலையடிக்கத் தொடங்கிவிடும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன்.

பியானோ கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள். நடுவில் இருக்கும் சி கட்டையைச் சத்தமில்லாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பிகளை அடக்கி வைத்திருந்த டேம்பர் இப்போது மேலே தூக்கியிருக்கும். ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யை ஓங்கி அடித்து உடனே விட்டுவிடுங்கள். அடித்த கம்பி அடங்கிவிடும். சுத்தியலே படாத நடு சி, உங்கள் விரலை எடுக்கும்வரை மெல்லப் பாடிக்கொண்டிருக்கும்.