லியோனல் சான்செஸின் இடது கால்

அவையோருக்கு வணக்கம்.

சிலி நாட்டுக் கால்பந்து வீரர், இடது ஓரத்தில் ஓடித் தாக்கும் விங்கர் லியோனல் சான்செஸ் என்றதும் பலருக்கு ஒரு குத்துதான் ஞாபகம் வரும். 1962 ஜூன் 2, சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் சிலிக்கும் இத்தாலிக்கும் உலகக் கோப்பை ஆட்டம். கோட்டோரத்தில் பந்தோடு கீழே விழுந்து கிடந்த சான்செஸை இத்தாலியின் மரியோ டேவிட் உதைத்துக்கொண்டே இருந்தார். எழுந்தவர் இடது கையால் விட்டார் ஒரு குத்து. அவருடைய அப்பா குத்துச்சண்டை வீரர். மகனுக்கும் கை பேசியது! நடுவர் கென் ஆஸ்டன் அவரை வெளியே அனுப்பவில்லை. எச்சரிக்க மஞ்சள் அட்டை, வெளியேற்ற சிவப்பு அட்டை என்ற யோசனை பிற்பாடு இதே ஆஸ்டனுக்குத்தான் வந்தது.

அந்தக் குத்தை நான் நியாயப்படுத்த வரவில்லை. அது தப்புதான். ஆனால் பதினேழு வருடம் ஒரே கிளப்புக்காக ஓடிய மனிதரை அந்த ஒரு நொடியில் அடைத்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

1936-இல் சாண்டியாகோவில் பிறந்தவர். 1953-இல் யுனிவர்சிதாத் தே சிலி கிளப்பின் முதல் அணிக்கு வந்தார். 1959 முதல் 1969 வரை அந்தக் கிளப் 6 முறை லீக் பட்டம் வென்றது. நீலச் சட்டைக்காரர்கள் ஆடிய அழகைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர், 'நீல பாலே'. அந்த நடனத்தின் இடது ஓரம் முழுக்க சான்செஸுடையது. அப்புறம் 1970-இல் பரம வைரியான கோலோ கோலோவுக்குப் போனார். போன வருடமே அங்கேயும் பட்டம்! நீலச் சட்டை ரசிகர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

சரி, 1962-க்கே திரும்புவோம். இரண்டு வருடம் முன்புதான், 1960 மே மாதம், சிலியின் வால்டிவியாவில் 9.5 அளவு நிலநடுக்கம். இதுவரை பதிவானவற்றில் அதுதான் பெரியது. இடிந்துகிடந்த நாட்டில் உலகக் கோப்பைப் போட்டியை நடத்தியே தீருவது என்று ஓடியாடி உழைத்த கார்லோஸ் டிட்போர்ன், போட்டி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது காலமாகிவிட்டார். வடகோடியில், பாலைவனத்தை ஒட்டிய அரிகா நகர மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்த மைதானத்தில்தான் ஜூன் 10 அன்று காலிறுதி. எதிரே சோவியத் யூனியன். கோல் கம்பங்களுக்கு நடுவே லெவ் யாஷின், உலகமே பயந்த கோல்கீப்பர். சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஏற்கெனவே 2 கோல் போட்டிருந்த சான்செஸ், பின்னால் அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக ஒரு பெனால்டியும் போட்டு, மொத்தம் 4 கோலோடு, அதிக கோல் போட்டவர்கள் பட்டியலில் பிரேசிலின் கரிஞ்சா, வவா போன்றவர்களோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொள்வார். சிலி மூன்றாம் இடம் பிடிக்கும். அதெல்லாம் பிறகு. இப்போது பதினோராவது நிமிடம். பெனால்டி பெட்டிக்கு வெளியே, இடப் பக்கம் ஃப்ரீ கிக், எதிரணி செய்த தவறுக்குக் கிடைக்கும் உதை. கோலை நோக்கி நேராக அடிக்கத் தோதான இடமே இல்லை. யாராக இருந்தாலும் நடுவே தூக்கிப் போட்டு, தலையால் முட்ட ஆள் தேடுவார்கள். சான்செஸ் தேடவில்லை. ஓடி வந்தார், இடது காலால் நேராகவே அடித்தார். பந்து யாஷினைத் தாண்டி வலைக்குள்.

ஒலிபரப்பில் வர்ணனையாளர் ஹூலியோ மார்ட்டினெஸ் தொண்டை கிழியக் கத்தினார்: "ஹுஸ்தீசியா திவீனா!" தெய்வ நீதி!