பொது டேக்கை விடுங்கள், அரிய டேக்கைப் பிடியுங்கள்

[திரை: 'தொலைநோக்கிக்கு ஆடி தேய்ப்பது' என்ற புக்மார்க். கீழே நான்கு டேக்: வானியல், தொலைநோக்கி, கண்ணாடி, செய்முறை]

பலரும் லிங்க் சேமித்து, அதற்கு டேக் (குறிச்சொல்) போட்டுப் பகிரும் ஒரு புக்மார்க் தளத்தில் இந்த லிங்க்கைச் சேமித்துவிட்டீர்கள். இதே வகையில் இன்னும் நாலு வேண்டும். வழி கீழேயே இருக்கிறது. எந்த டேக்கை அமுக்குகிறீர்கள் என்பதில்தான் விஷயமே.

பலரும் முதலில் தொடுவது 'வானியல்'. கிரகணப் படம், ராக்கெட் செய்தி, பாடக்குறிப்பு என்று எல்லாம் வந்து கொட்டும். 'கண்ணாடி'யைத் தொட்டால் இன்னும் மோசம்: மூக்குக்கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி.

[திரை: லிங்க்கைச் சேமித்தவர்கள் பட்டியல்]

முதலில், இதே லிங்க்கைச் சேமித்த மற்றவர்களின் பட்டியலைத் திறங்கள். ஒருவர் 'ஆடி-தேய்ப்பு' என்று போட்டிருக்கிறார் (ஆடி என்றால் இங்கே தொலைநோக்கிக் கண்ணாடி). நமக்கு வேண்டியது அதுதான்.

ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தளத்தில் 10,000 லிங்க் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'வானியல்' 1,000 லிங்க்கில் இருக்கிறது. 'ஆடி-தேய்ப்பு' 10 லிங்க்கில் மட்டும். மொத்தத்தை அந்தந்த எண்ணிக்கையால் வகுத்து, 10 அடிமான மடக்கை எடுத்தால் வருவதை டேக்கின் எடை என்று கொள்வோம்: 'வானியல்' எடை 1, 'ஆடி-தேய்ப்பு' எடை 3. இரண்டு லிங்க்குகளில் 'வானியல்' அளவுக்குப் பரவலான மூன்று டேக் ஒத்துப்போவதும், இந்த ஒரே டேக் ஒத்துப்போவதும் சமம். எடையே பார்க்காமல், ஒத்துப்போகும் டேக் எத்தனை என்று மட்டும் எண்ணும் தளத்தில் 'தொடர்புடையவை' பெட்டி குப்பையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அரிய டேக் கிடைக்காவிட்டால் இரண்டைச் சேர்த்துத் தேடுங்கள். 'கண்ணாடி'யோடு 'தொலைநோக்கி' சேர்ந்தாலே மூக்குக்கண்ணாடி ஒதுங்கிவிடும். மூன்றாவதையும் சேர்த்தால் பெரும்பாலும் பட்டியல் காலியாகிவிடும். எல்லாரும் எல்லா டேக்கும் போடுவதில்லையே.

ஒரு லிங்க்கை இரண்டு மூன்று பேர்தான் சேமித்திருக்கிறார்கள் என்றால், முன்னணியில் தெரியும் டேக்கை அப்படியே நம்ப வேண்டாம். 2003-இல் தொடங்கிய டெலிஷியஸ் என்ற புக்மார்க் தளத்தை ஆராய்ந்து கோல்டர், ஹூபர்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட கட்டுரை சொல்வது: ஒரு லிங்க்கை ஏறக்குறைய 100 பேர் சேமித்த பிறகுதான் டேக்குகளின் விகிதம் நிலைபெறுகிறது.

ஆள் குறைவான இடத்தில் டேக்கைவிட ஆளே நல்ல துப்பு. 'ஆடி-தேய்ப்பு' போட்டவரின் பக்கத்துக்குப் போய், அவருடைய அந்த டேக்கை மட்டும் திறங்கள். ஒரே லிங்க்கைச் சேமித்து, அதற்கு அரிய பெயரும் வைத்தவர் விஷயம் தெரிந்தவராகவே இருப்பார். 'பிறகு-படிக்க', 'அருமை' போன்றவற்றைத் தாண்டிப் போங்கள். அவை அவரவர் வசதிக்குப் போட்டவை. பின்போர்டு என்ற புக்மார்க் தளத்தில் டேக்கின் முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அது உங்களுக்கு மட்டுமே தெரியும். அந்த மாதிரி டேக்குகளுக்கு அதுதான் சரியான இடம்.

[திரை: 'ஆடி தேய்ப்பு' என்று தட்டச்சு செய்ததும் இரண்டு டேக்காக உடைகிறது]

இனி டேக் போடும்போது நடக்கும் கோளாறுகள். பின்போர்டு மாதிரித் தளங்களில் இடைவெளி விட்டால் அடுத்த டேக் என்று பொருள். 'ஆடி' தனியாக, 'தேய்ப்பு' தனியாகப் பிரிந்து, ஆடி மாதத்து லிங்க்குகளோடு போய் உட்கார்ந்துவிடும். நடுவில் சிறுகோடு போடுங்கள்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 'தொலைநோக்கி'யின் 'தொ'வில் வரும் ஒகரக் குறியை யுனிகோடில் (கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறை) ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தளம் இரண்டையும் ஒன்றாக்காவிட்டால், டேக் பட்டியலில் ஒரே சொல் இரண்டு முறை நிற்கும், ஒன்றில் 40 லிங்க், மற்றதில் 3 என்று. சிறியதைத் திறந்து, பெயர் மாற்றும் பெட்டியில் பெரியதன் பெயரை நகலெடுத்து ஒட்டுங்கள். தட்டச்சு செய்தால் பழைய குறியே திரும்ப வரக்கூடும்.